கடைசிக்கு முந்தியது

எலாடியோ அதைச் சொன்னதும் மதுக்கடையில் சத்தம் குறைந்தது. ஒரேயடியாக அல்ல. முதலில் சமையலறையில் நெத்திலி பொரியும் இரைச்சல் அடங்கியது. பிறகு ஜன்னலோரம் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் வாக்குவாதம் தேய்ந்தது. மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய குளிர்பெட்டியும் ஒருமுறை நடுங்கி நின்றுபோனது. எலாடியோவின் மனைவி அமாலியாவுக்குத் தன் காதணி அசைவது கேட்டது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "சிப்ரியானோ, கடைசியா ஒண்ணு ஊத்துப்பா."

ஸ்பெயினின் இந்தக் கிரனாடா ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எத்தனை கோப்பை உள்ளே போயிருந்தாலும், கிளம்பும்போது கேட்பது 'கடைசிக்கு முந்தியது'தான். பல்கலைக்கழகப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கேட்பார்கள். கடைசி என்று வாயால் சொன்னால் அதுவே வாழ்க்கையில் கடைசியாகிவிடும்.

"அண்ணே, வாயைக் கழுவுங்க. முந்தினதுன்னு சொல்லுங்க" என்றார் சிப்ரியானோ. பாட்டிலைச் சாய்க்காமல் கையில் பிடித்திருந்தார்.

"டாக்டர் சொல்லிட்டாரே. இன்னிக்கு ஒரு நாள், ரெண்டே ரெண்டு. நாளையிலேருந்து தண்ணிதான். அப்போ இது கடைசிதானே?"

"எலாடியோ, சொல்லித் தொலையேன். உனக்கென்ன குறைஞ்சு போகுது?" என்றாள் அமாலியா.

"பாருப்பா, கல்யாணத்தன்னிக்குக்கூட இவ இப்படிக் கெஞ்சலே." கண்ணடித்துவிட்டு, ஊற்றியதை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

மார்ச் மாதம் அவர் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். ஐந்து மாதம் அமாலியா இரவில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். இன்றுதான் முதல்முறையாக வெளியே வந்திருந்தார்கள். காதலித்த நாட்களில் சுற்றிய அதே வரிசை: சதுக்கத்துக் காபிக்கடையில் கெட்டி சாக்லேட்டும் அதில் தோய்த்துத் தின்னும் சுர்ரோப் பலகாரமும், பேராலயத்தின் நிழலில் ஒரு பெஞ்சு, பிறகு இந்த மதுக்கடை, பிறகு தாரோ ஆற்றங்கரை வழியாக அல்ஹம்ப்ரா கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி வீடு.

வெளியே ஆகஸ்ட் மாதத்து மூன்றரை மணி. உருளைக்கல் பாதையிலிருந்து எழும்பிய சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஊர் தூங்கப் போயிருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. காய்ந்த மல்லிகையும் சாக்கடையும் கலந்த வாசனை ஆற்றிலிருந்து வந்தது. மேலே குன்றில் சிவந்த கோட்டை, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லைப்போல நின்றது. எலாடியோ அவள் கையைக் கோத்துக்கொண்டார்.

அவர் கை ஜில்லென்றிருந்தது.

"உனக்குக் குளிருதா?"

"இந்த வெயில்லேயா? உனக்கு ரெண்டாவது கோப்பை ஏறிடுச்சு."

பாலத்தருகே மாடி முகப்பில் அவர்கள் தெருக்காரி ரெமெதியோஸின் தங்கை பிலார் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தாள்.

"ஏய் அமாலியா! இந்த வெயில்லே தனியா எங்கடி கிளம்பிட்டே?"

"தனியாவா? இவரு பக்கத்துலதானே..."

"யாரு?" பிலார் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடினாள். உண்மையாகவே தேடினாள்.

"கண்ணாடி போடச் சொல்லு அவளை" என்று எலாடியோ சிரித்தார். பிலார் சிரிக்கவில்லை. அவளுக்குக் கேட்கவே இல்லை.

கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அமாலியா அதைக் கவனித்தாள். சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது ஒரே ஒரு ஜோடிக் காலடிச் சத்தம். தன்னுடையது.

அவர் இன்னொன்று குடித்தால் போதும். அந்த எண்ணம் அவளுக்குள் தெளிவாக வந்தது. ஒரு வாய் குடித்தால்கூட போதும், சிப்ரியானோ ஊற்றியது கடைசி இல்லையென்று ஆகிவிடும். வீட்டில் ஒயின் இருந்தது. ஆனால் வீடு மேட்டின் உச்சியில், இருநூறு படிகளுக்கு மேல். அவர் இப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூடிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். "யாராச்சும் இருக்கீங்களா? ஒரே ஒரு கோப்பைங்க!" உள்ளே எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரும் திறக்கவில்லை.

"அமாலியா, விடு. களைப்பா இருக்கு."

"பேசாதே. நட."

மூன்றாவது சந்தின் முனையில் மணிகள் கோத்த திரை தொங்கிய ஒரு வாசல் திறந்திருந்தது. அந்தச் சந்தில்தான் அவள் சிறுமியாகப் பந்து விளையாடியிருக்கிறாள். அங்கே எப்போதும் வெறும் சுவர்தான் இருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் அவரை உள்ளே இழுத்தாள்.

உள்ளே குளிர். ஈர மரத்தூள், பழைய பீப்பாய், அணைந்த மெழுகுத்திரி வாசனை. நீண்ட மேடையோரம் ஏழெட்டுப் பேர் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் கோப்பை. எல்லாம் உதட்டில்.

"இவருக்கு ஒண்ணு கொடுங்க" என்றாள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி: "கடைசிக்கு முந்தியது."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இளகிய முகம். "அது இங்கே கிடையாதும்மா. இங்கே ஒண்ணே ஒண்ணுதான்."

கோப்பையை வைத்தார். கூடத் தின்பண்டத் தட்டு வரவில்லை. இந்த ஊரில் தட்டில்லாமல் கோப்பை வராது.

"எலாடியோ, வேண்டாம்."

அவர் எடுத்துவிட்டார்.

"வேண்டாம்!"

கோப்பையைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. உதட்டோடு ஒட்டியதுபோல் இருந்தது. அவர் விழுங்கினார். மறுபடி விழுங்கினார். தொண்டைமணி ஏறி இறங்கியது. கோப்பை விளிம்புவரை நிறைந்தே இருந்தது.

பக்கத்தில் நின்ற கிழவரைப் பார்த்தாள். அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. அதற்கடுத்த பெண்ணுடையதும். வரிசை முழுவதும், ஒரே தாளத்தில். மடக் மடக்கென்று மெல்லிய சத்தம். அத்தனை கோப்பைகளும் நிறைந்திருந்தன. தரையில் அவர்கள் காலணிகள் மக்கி மரத்தூளோடு கலந்திருந்தன.

எலாடியோவின் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. நிறுத்த முடியவில்லை என்றன. கண்ணீர் கன்னத்தில் வழிந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதையும் விழுங்கினார்.