த்ரீ பெல்ஸ் பப்பின் நிலவறை

"ஐயோ... கை! கை!"

பொக்லைனிலிருந்து குதித்து ஓடினான் கெவின். ஹேஸ்டன் நகரின் நடுவிலிருந்த கார் பார்க்கிங்கே அதிர்ந்தது.

குழிக்குள்ளிருந்து ஐந்து எலும்பு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஹீதர் வந்து நின்றாள். பழைய வரைபடத்தைப் பிரித்தாள். 1978-ல் இடித்துத் தள்ளிய 'த்ரீ பெல்ஸ்' பப் நின்ற இடம். விரல்கள் நீட்டிய இடம் அதன் நிலவறை... பீர் பீப்பாய்கள் வைக்கும் அறை.

அந்த பப்பை இன்னும் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எதிரே இருந்த நூலகத்தில், செவ்வாய்க்கிழமைதோறும், அந்த பப்பைப் பற்றிப் பேசவென்றே மூன்று பேர் கூடுகிறார்கள்!

ஹீதர் உள்ளே நுழைந்தபோது அங்கேயே ஒரு கொலை விழும் போலிருந்தது.

"டார்ட்ஸ் போர்டு கணப்புக்கு இடப் பக்கம்!" என்று மேஜையைத் தட்டினார் எண்பது வயது சிரில்.

"வலப் பக்கம்! உன் அம்பு பட்டுக் கிழிஞ்சது என் காது... எந்தக் காதுன்னு எனக்குத் தெரியாதா?" எகிறினாள் நோரா. ஒரு காலத்தில் அங்கே பீர் ஊற்றிக் கொடுத்தவள்.

மூன்றாமவள் டோரீன். பப் முதலாளி வால்ட்டின் மனைவி. தேநீரில் பிஸ்கட்டை நனைத்தபடி புன்னகைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?" கேட்டாள் ஹீதர்.

"ஸ்பெயின்ல, கண்ணு. பப்பை மூடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, எவளோ ஒருத்தியோட ஓடிட்டார்."

"அப்புறம் ஒரு லெட்டர்கூட வரலையா?"

"சோம்பேறி மனுஷன்!"

ஹீதர் குரலைத் தாழ்த்தினாள். "பப்போட நிலவறையில ஒரு எலும்புக்கூடு கிடைச்சிருக்கு."

சிரிலும் நோராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திடீரென்று நோரா களுக்கென்று சிரித்தாள். சிரிலின் தோள்கள் குலுங்கின.

"நோரா... கடைசில கண்டுபிடிச்சுட்டாங்க!"

ஹீதர் முறைத்தாள். "ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான்... சிரிக்கிறீங்களா?"

"மனுஷனா? அது மெடிக்கல் காலேஜ் எலும்புக்கூடு, கண்ணு!" என்றார் சிரில். "நான் அப்போ அங்கே வாட்ச்மேன். சுட்டுட்டு வந்தேன். மண்டையில ஸ்க்ரூ இருக்கும், பாரு!"

"எதுக்கு சார்?"

"பிணம் கிடைச்சா போலீஸ் வரும். போலீஸ் வந்தா இடிக்கறது நிக்கும்! மூணு பேரும் சேர்ந்துதான் புதைச்சோம். இடிக்க வந்த தடியனுங்க தோண்டிப் பார்க்காமலே மேலே கல்லைக் கொட்டி மூடிட்டானுங்க!"

ஹீதருக்கும் சிரிப்பு பீறிட்டது. அப்போது அவள் செல்போன் அலறியது. குழியருகே நின்ற கான்ஸ்டபிள்.

"மேடம், மண்டையில ஸ்க்ரூ இருக்கு. காலேஜ் எலும்பு."

"தெரியும்ப்பா. மூட்டையைக் கட்டு."

"கட்டிடலாம்... ஆனா அதுக்கு ரெண்டடி கீழே இன்னொண்ணு இருக்கே! ஆம்பளை. இதுல ஸ்க்ரூ இல்லை மேடம். மண்டை பிளந்திருக்கு!"

ஹீதரின் சிரிப்பு உறைந்தது. போனை மெல்ல இறக்கினாள்.

"புதைக்க இடம் காட்டினது யாரு?"

"டோரீன்தான்!" என்றாள் நோரா உற்சாகமாய். "'இந்த மூலைல மண்ணு இளகியிருக்கு, தோண்டறது சுலபம்'னு..."

பாதியிலேயே அவள் குரல் தேய்ந்தது.

நோராவின் தலையும் சிரிலின் தலையும் மெல்ல டோரீன் பக்கம் திரும்பின.

"பொய் எலும்பு கிடைச்சா போலீஸ் சிரிச்சுட்டுப் போயிடும்," என்றாள் ஹீதர். "அதுக்குக் கீழே எவனும் தோண்ட மாட்டான். அப்படித்தானே?"

டோரீன் மிச்ச பிஸ்கட்டை நிதானமாய் மென்று விழுங்கினாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு!"

"ஏன் டோரீன்?" சிரிலின் குரல் உடைந்தது. "வால்ட் தங்கமான ஆளாச்சே!"

"தங்கமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம நகராட்சிக்கு வித்துட்டு வந்து நின்னான்!" கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள் டோரீன். "என் பப்பை இடிக்கக் கையெழுத்துப் போட்டான், சிரில்... அதான், முதல்ல அவனை இடிச்சேன்!"