நகராத அம்பு

மனித அறிவு முழுவதையும் வட்டங்களாகவும் அம்புகளாகவும் வரைந்துவிட்டால், மரணம்கூட நம்மிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். இப்படிப் பேசிய இயக்குநர் முத்துகிருஷ்ணனின் மென்பொருள், முதல் வாரத்திலேயே கரியாஹாட் புடவைக் கடைக்காரர் ரமேஷ்பாபுவைப் பெஹாலா மருத்துவமனை ஒன்றில் உயிருக்குப் போராட வைத்தது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். அவருக்கு ஆஸ்பிரின் எழுதியபோது கணினி 'கூடாது' என்று எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்கவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியது.

2006 செப்டம்பர், நியூ டவுன் அலுவலகம், காலை பத்து மணி. இன்ஸ்பெக்டர் நாகலக்ஷ்மி உள்ளே வந்தபோது உத்தமன் கணினி முன்னிருந்து எழுந்து நின்றான். மருந்துகளை வட்டங்களாகவும், எது எதோடு சேரக்கூடாது என்பதை அம்புகளாகவும் காட்டும் வரைபடத்தைக் கணினிக்குப் புரியும் கோப்பாக மாற்றியவன் அவன். அந்தக் கோப்பில் ஓர் அம்பு மட்டும் இல்லை.

"இவன்தான் மேடம் எடுத்திருக்கான். சம்பளம் ஏத்தலைன்னு கோவம்," என்றார் முத்துகிருஷ்ணன்.

"அந்த மனுஷன் செத்தா கொலைக் கேஸ். தெரியுமில்ல?" என்று உத்தமனைக் கேட்டார் நாகலக்ஷ்மி.

உத்தமன் தலையாட்டினான்.

"படத்தைக் காட்டுங்க."

கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜையின் குங்குமம் ஒட்டியிருந்த திரையில் அம்புகள் எல்லாம் ஒல்லியாக, கறுப்பாக இருந்தன. அந்த இரண்டு மாத்திரைகளுக்கு நடுவில் மட்டும் தடித்த சிவப்பு.

"இருக்கே!"

"அதான் மேடம் பயமா இருக்கு. கண்ணுக்குத் தெரியுது. சரிபார்த்தா பிழை இல்லைங்குது. கோப்பா மாத்தினா காணாமப் போயிடுது."

"என் முன்னாடி மாத்துங்க."

மாற்றினான். காணோம். ஏசி அறையில் எல்லோருக்கும் வியர்த்தது.

"வேற எங்கெல்லாம் இது ஓடுது?"

"இன்னும் மூணு ஆஸ்பத்திரி."

"உடனே நிறுத்துங்க."

"கம்பெனி பேரு..." என்று இழுத்தார் முத்துகிருஷ்ணன்.

"பேரைக் கல்லறையில எழுதிக்கலாம் சார். நிறுத்துங்க."

நிறுத்தினார்கள்.

"இது மட்டும் ஏன் சிவப்பு?"

"பூஜை அன்னைக்குப் போட்டதா தேதி காட்டுது மேடம். அன்னைக்கு நாங்க யாரும் மெஷினைத் தொட மாட்டோம்."

நாகலக்ஷ்மி திரைக்கு அருகே குனிந்தார். "எங்கப்பா கரக்பூர் ரயில்வே. பெட்டி கோத்திருக்கான்னு பார்க்க இஞ்சினால இழுத்துப் பார்ப்பாங்க. நீங்க அந்த ஆஸ்பிரின் வட்டத்தை இழுங்க."

உத்தமன் இழுத்தான். கறுப்பு அம்புகள் வட்டத்தோடு நகர்ந்தன. சிவப்பு அம்பு வெற்றிடத்தைக் குத்தியபடி அங்கேயே நின்றது.

"ஐயோ, இது வெறும் அலங்காரக் கோடு மேடம்! எதோடயும் ஒட்டலை. சரிபார்க்கிறப்ப இதைக் கணக்கிலேயே எடுத்துக்காது, மாத்தறப்ப உதறிடும். வட்டங்களுக்கு வேற அம்பு இருக்கறதால பிழையும் வரலை."

"அன்னைக்கு ஊழியர்கள் யாரும் தொடலை. அப்ப இதை வரைஞ்சது யாரு?" நாகலக்ஷ்மி சுவரைப் பார்த்தார். அங்கே சாமந்தி மாலை போட்ட கணினி முன் முத்துகிருஷ்ணன் உட்கார்ந்திருக்கும் பூஜைப் புகைப்படம். "நீங்கதானே சார்?"

முத்துகிருஷ்ணன் உட்கார்ந்துவிட்டார். "கடைசி அம்பை என் கையால போட்டுத் தொடங்கி வைக்கணும்னு... இவன் போட்டிருந்த ஒல்லி அம்பு போட்டோவுல தெரியாதேன்னு அழிச்சிட்டு, தடியா சிவப்புல..."

தொலைபேசி அடித்தது. ரமேஷ்பாபு கண் விழித்துவிட்டார். உத்தமன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

புகைப்படத்தில் முத்துகிருஷ்ணன் மவுஸைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.