நாலு நீல வளையங்கள்

ஷட்டரை இழுத்து இறக்கினான் அவன்.

உள்பக்கமாகப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். மூன்றே எட்டில் மேஜையை அடைந்து, அண்ணியின் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கி, அதன் முதுகு மூடியை நகத்தால் நெம்பினான்.

பேட்டரி தரையில் விழுந்து உருண்டது.

"இப்போ பேசலாம், அண்ணி."

வெளியே ரேஸ் டிராக்கில் ஒரு வெள்ளைக் கார் ஜன்னலைக் கிழித்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட். ஊரறிந்த ஹெல்மெட். குட்டியுடையது.

குட்டி, அண்ணியின் ஒரே மகள். வயது இருபத்தொன்று. அவனைச் 'சித்தப்பா' என்று கூப்பிடுகிறவள்.

இரண்டாவது ரவுண்டு.

அண்ணி அசையவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிரே இருந்த கண்ணாடிக் குழாய்களை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டே, "ஷட்டரை எதுக்குப் பூட்டுறீங்க, தம்பி?" என்றாள்.

அவன் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எதையோ அள்ளி மேஜையில் கொட்டினான்.

நாலு இன்ஜெக்டர்கள். விரல் நீளம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிவப்பு வளையம்.

அண்ணியின் துணி நின்றது.

இஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சமாச்சாரம் அது. அதன் மேல் பொடி எழுத்தில் நம்பர் இருக்கும். இந்த ஒர்க்‌ஷாப்பில் அதை யாரும் படிப்பதில்லை, வளையத்தைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு என்றால் பெரிசு, நிமிஷத்துக்கு எண்ணூறு மில்லி. நீலம் என்றால் சின்னது, அறுநூறு. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே அண்ணிதான். இஞ்சினைப் பிரித்து, பலம் ஏற்றி, திரும்பக் கோர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"குட்டி வண்டில இருக்க வேண்டிய நாலும் இங்க இருக்கு" என்றான். "அப்ப வண்டில என்ன இருக்குன்னு கேளுங்க."

"நீலமா?"

"நீலம்."

நேற்று மதியம் அம்மாவும் மகளும் டயர் வாங்கப் போயிருந்த நேரம். இருபதே நிமிஷ வேலை. ஷெல்ஃபில் நீல டப்பா எங்கே இருக்கும் என்று அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

"ஏதோ உளறுறீங்க. வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"மெதுவா ஓட்டுற வரைக்கும் ஓடும். கொறையறதை வண்டியோட கம்ப்யூட்டர் கூட்டிக் கொறைச்சு சமாளிச்சிடும். வழக்கம் போல அஞ்சாவது ரவுண்டுல குட்டி டர்போவை முழுசா ஏத்துவா. அப்ப பாருங்க வேடிக்கை." மேஜை விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். "நீங்க சொல்லிக்குடுத்த கணக்குதான் அண்ணி. நானூறு ஹார்ஸ்பவர். நாலு இன்ஜெக்டர். அதையும் சதா திறந்தே வைக்கக் கூடாது, நூத்துக்கு எண்பதோட நிறுத்திக்கணும். பெருக்கி வகுத்தா எண்ணூறு வருது. அந்த எடத்துல அறுநூறைப் போட்டா?"

அண்ணி துணியை மடித்து வைத்தாள்.

"டர்போ காத்தை அமுக்கி ஏத்தும், பெட்ரோல் பத்தாது. சூடு தாங்காம பிஸ்டன் உருகும். இஞ்சின் இறுகிடும்."

"சபாஷ். எரநூறு கிலோமீட்டர் ஸ்பீடுல இறுகினா, பின் சக்கரம் ரெண்டும் பூட்டு போட்ட மாதிரி நின்னுடும். அப்புறம் சுவர்தான்."

வெள்ளைக் கார் மறுபடி கடந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மூன்று.

அண்ணி அப்போதும் திரும்பவில்லை. பெற்ற வயிறு பதறாதா? கல்லில் செய்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டான். போன வருஷமும் இப்படித்தான். அதே சுவரில் அண்ணன் கார் அப்பளமாக நொறுங்கியபோது, அவனே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். இவள் அழவில்லை. உடைந்த இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த இஞ்சினுக்குள் கிடைத்தவை நாலு சின்ன இன்ஜெக்டர்கள்.

பெண்டாட்டி போட்ட தப்புக் கணக்கு, புருஷன் உயிரைக் குடித்தது என்று ஊரே பேசியது. அண்ணி மட்டும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினாள்... நான் போட்டது பெரிசு, யாரோ மாற்றிவிட்டார்கள், விசாரியுங்கள். விடாப்பிடியாக ஒரு வருஷம் அலைந்து, போலீஸை மறுபடி ஃபைலைத் திறக்க வைத்துவிட்டாள். இன்று சாயங்காலம் விசாரணை. ஒர்க்‌ஷாப் சாவி வைத்திருக்கும் மூன்று பேரில் அவனும் ஒருவன்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

'என் கணவர் ஓட்டிய காருக்குச் சிறிய இன்ஜெக்டர்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியது நானே. வேறு யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.'

"கையெழுத்துப் போடுங்க. பேட்டரியை மாட்டித் தர்றேன். 'வேகத்தைக் கொறை'ன்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொழைச்சுக்குவா."

"குட்டியை நீங்க தோள்ல தூக்கி வளர்த்தீங்க, தம்பி."

"அதனாலதான் கையெழுத்தோட விடறேன்."

அண்ணி தாளை எடுத்தாள். நிதானமாகப் படித்தாள். முதல் வரிக்கே திரும்பிப்போய் இன்னொரு தரம் படித்தாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்கு.

"பரீட்சைக்கா படிக்கிறே? போடு!" மரியாதை காற்றில் பறந்தது.

"எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? அவருக்கும் இதே மாதிரிதான் பண்ணீங்களா?"

"இதே மாதிரிதான். நாலு நீலம். ரேஸ் அன்னிக்குக் காலைல, நீ குளிக்கப் போயிருந்தப்ப."

"கூடப் பொறந்தவர்..."

"கூடப் பொறந்தவனா?" அவன் சிரித்தான். சிரிப்பில் ஈரமே இல்லை. "அந்த சீட்டுல உட்கார வேண்டியவன் நான். ஒரே ஒரு தடவை வண்டியைச் சுவத்துல தேய்ச்சேன்னு எறக்கி விட்டான். 'நீ ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாப் போதும்டா'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னான். எடுத்துக் குடுத்தேன் அண்ணி... எந்த ஸ்பேனர்னு அவன் கேக்கல!"

அண்ணி பேனாவைத் திறந்தாள். முனை தாளைத் தொட்டது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"என்ன பண்றே?"

"மை வீணாகுது."

தூரத்து வளைவில் டர்போவின் விசில் கிளம்பியது. ஊசியாய், மேலே... மேலே...

ஐந்து!

"பைத்தியமா நீ? முழு பூஸ்ட்டு ஏத்திட்டா! பொண்ணு செத்துடுவா!" வாக்கி-டாக்கியை அவனே அவள் கையில் திணித்தான். குனிந்து பேட்டரியைத் தேடினான். அது எந்த மூலைக்கு உருண்டதோ!

வெள்ளைக் கார் ஜன்னலைத் தாண்டியது. இடி மாதிரி.

வளைந்தது. மறைந்தது. சத்தம் தேயவில்லை. இருமவில்லை. சுருதி சுத்தமாகப் பாடியது இஞ்சின்.

ஆறு.

ஏழு.

அவன் மண்டியிட்ட நிலையிலேயே அண்ணியைப் பார்த்தான். காதோரம் வியர்வை வழிந்தது.

"அது... நீலம்தானே? நான் என் கையாலதானே போட்டேன்..."

"நீலம்தான்." அண்ணி ஷெல்ஃபிலிருந்து டப்பாவை எடுத்து அவன் முன்னால் கவிழ்த்தாள். மிச்சமிருந்த நீல வளையங்கள் தரையில் சிதறின. "அவர் போன மறுவாரமே இந்தக் கடைல இருந்த சின்னதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். பெருசாவே வாங்கி, நம்பரைத் தேய்ச்சு அழிச்சு, கழுத்துல நீலத்தை மாட்டி வெச்சேன். யாரு வந்து கை வைக்கிறான்னு ஒரு வருஷமா தினமும் காலைல வண்டியைத் திறந்து பார்ப்பேன். இன்னிக்குத் திறந்தேன். நாலும் நீலமா இருந்துச்சு."

துடைத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்களைத் தட்டிக் காட்டினாள்.

"கழட்டி இதுல அளந்தும் பார்த்தாச்சு. நாலும் எண்ணூறு. திரும்ப மாட்டிட்டு, ஒரு எடத்துக்கு ஃபோன் பண்ணேன்."

அவன் எழுந்தான். ஷட்டரைப் பார்த்தான்.

"அண்ணி..."

"அந்த வார்த்தை இனிமே உன் வாய்ல வரக் கூடாது."

மூலையில் இருந்த டயர் ரூமின் கதவு திறந்தது.

முதலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். ஷட்டரை அவனே பூட்டிக் கொடுத்ததில் தனக்கு ஓர் ஆள் மிச்சம் என்று சொல்லி, அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், பேச்சு முழுவதையும் பதிவு செய்துகொண்டிருந்த செல்போனோடு, கண்கள் சிவந்து நின்றது...

குட்டி!

அவன் ஜன்னலைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். மறுபடி ஜன்னலை. மஞ்சள் ஹெல்மெட் எட்டாவது தடவையாகப் பறந்துகொண்டிருந்தது.

"புருஷனை அந்தச் சுவத்துல பறிகொடுத்தவ" என்றாள் அண்ணி, "பொண்ணை உக்கார வெச்சுப் பரீட்சை பார்ப்பேனா? நீ வர்றப்ப வண்டி ஓடணும், அவ்வளவுதான்."

"அப்போ... வண்டில யாரு?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். விலங்கை மாட்டியபடியே சொன்னாள்:

"என் ஜீப் டிரைவர். மூணே ரவுண்டுன்னு சொல்லித்தான் அனுப்பினேன். அந்த பேட்டரியை யாராவது தேடிக் குடுங்கப்பா... பெட்ரோல் தீர்ற வரைக்கும் அந்த ஆள் எறங்க மாட்டான்!"