நாலாவது முனையில் ஒரு குமிழ்

நாலாவது முனையில் நிரம்பிய பாட்டிலில் ஒரு குமிழ் நின்றது.

பாகு அடைக்கிற இடத்தில் குமிழைப் பார்த்துப் பயப்படுவது, அடுப்படியில் புகையைப் பார்த்துப் பயப்படுவது மாதிரி. ஃபிட்டர் பயப்படவில்லை. ஆனால் மற்ற மூன்று குழாய் முனைகளிலும் பாகு பொன்னை உருக்கி வார்த்ததுபோல் பழுதில்லாமல் இறங்கியது. நாலாவது முனையின் பாட்டில்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குமிழ், கோலிக்குண்டு அளவில், நட்டநடுவில், மேலே போகவும் மனமில்லாமல் கரையவும் மனமில்லாமல், யாரோ வாயை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி நின்றது.

அந்தப் பாகின் கெட்டியைச் சொல்லியாக வேண்டும். பேக்கரிகளுக்குப் போகிற சர்க்கரைப் பாகு அது. சூடு ஆறவிட்டால் அதில் விழுந்த ஈ கிழவனாகித்தான் அடிக்குப் போய்ச் சேரும். ஒரு துளி தரையில் சிந்தினால் ஷிஃப்டில் இருக்கிற அத்தனை பேருடைய செருப்பும் அதற்குச் சொந்தம். அதைப் பாட்டிலில் அடைக்க ஒரு லைன் அமைப்பது என்பது, கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு அழைத்து வருவதைப் போன்ற வேலை. இரட்டைச் சுவர்த் தொட்டியில் வெந்நீரை ஓட்டிச் சூடு காட்ட வேண்டும். கலக்கியை நிறுத்தாமல் சுற்றவிட வேண்டும். பிஸ்டன் தள்ளிப் பாட்டில் நிறைந்ததும், முனையில் தொங்குகிற பாகு நூலை அறுப்பதற்காக அதே பிஸ்டன் பின்னால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். அந்தப் பின்னிழுப்பு சரியாக அமையாவிட்டால் பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே பாகு நூல் கட்டி, லைன் முழுவதும் சிலந்திக்குக் கல்யாணம் நடந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

அன்று விடுமுறை. மதியம்தான், ஆனாலும் வானம் மூடிக்கொண்டு தகரக் கூரையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஷெட்டுக்குள் காய்ச்சிய சர்க்கரையின் வாசனை தொண்டையில் ஒட்டுகிற அளவுக்கு நின்றது. மேனேஜர் காலையில் தலைகாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"ஃபிட்டரே, நாளைக்குக் காலையில வாங்குறவங்க வந்து நிப்பாங்க. லைன் ஓடலைன்னா நீங்களும் நானும் கரண்டியும் கையுமா நின்னு ஊத்த வேண்டியதுதான்."

"ஓடிடும் சார்."

"ஓடிடும்னு சொல்லாதீங்க. ஓடுதுன்னு சொல்லுங்க."

போகும்போது தொட்டியை ஒரு தட்டுத் தட்டினார். "செகண்ட் ஹேண்டுன்னு யாராவது சொல்ல முடியுமா? பெயிண்ட் அடிச்சதும் புது மாப்பிள்ளை ஆயிடுச்சு பாருங்க."

ஃபிட்டர் சிரித்து வைத்தார். தொட்டி லாரியில் வந்து இறங்கிய அன்றே அதன் பின்கால் வெல்டிங்கை அவர் பார்த்துவிட்டார். புழு சுருண்டு படுத்த மாதிரி ஒரு வெல்டிங். அவசரத்தில் அவரே வைத்தது, முன்பு வேலை பார்த்த ஃபேக்டரியில். எத்தனை கோட் பச்சை பெயிண்ட் அடித்தாலும் அந்தப் புழு சாகவில்லை. 'சார், இந்தத் தொட்டி வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். 'ஏன்?' என்று கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் மூடியபடியே இருப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

"ஏங்க, மறுபடியும் நாலாவதுல காத்து நிக்குது!"

லைனின் கடைசியில், விளக்கு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். நிரம்பி வரும் பாட்டில்களுக்குக் கையால் மூடி போட்டு, ட்யூப்லைட்டுக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது அவள் வேலை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று.

ஃப்ரிட்ஜ் கதவில் அவள் தம்பியின் போட்டோ இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு வட்டக் காந்தம். காந்தத்தின் முதுகில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்.

"தனியா எடுத்து வை. நான் பார்க்கிறேன்" என்றார்.

அந்தத் தம்பிக்குப் பழைய ஃபேக்டரியில் உறிஞ்சான் என்று பெயர். அவன் டீ குடித்தால் பக்கத்துத் தெருவில் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்பார்கள். 'ஸ்ர்ர்ர்' என்று ஓர் இழுப்பு, அப்புறம் உலகத்தையே விழுங்கிவிட்ட திருப்தியில் ஒரு 'ஹா'. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தத்தை வைத்தே வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். ஃபிட்டர்தான் அவனைத் தன் லைனில் சேர்த்துக்கொண்டார். அவனுக்கு வேலை, தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற பாகை மரத்துடுப்பால் வழித்துவிடுவது.

வழிக்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் சென்சார் கலக்கியை நிறுத்திவிடும். நின்றால் பாகு இறுகும், மறுபடி இளக அரை நாள். அதனால் மூடியில் இருக்க வேண்டிய காந்தத்துக்குப் பதிலாக இன்னொரு காந்தத்தைச் சென்சாரின் மேலேயே வைத்து டேப் ஒட்டிவிட்டால், மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மிஷின் நம்பிக்கொண்டு ஓடும். பாகு லைன் அமைக்கிற எந்த ஃபிட்டருக்கும் தெரிந்த வித்தை. ஃபிட்டர் ஒட்டினார். பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, வழக்கம்போல டேப்பின் நுனியை முக்கோணமாக மடித்துவிட்டார்.

இதே தொட்டிக்குள் அவன் குனிந்தபோது கலக்கி சட்டையைப் பிடித்துக்கொண்டது. பாகு சத்தத்தைக்கூட வெளியே விடவில்லை. ஆட்கள் ஓடி வருவதற்குள் ஃபிட்டர் செய்தது ஒரே ஒரு காரியம். காந்தத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு, அவர்கள் பிணமாகத் தூக்கிப் படுக்க வைத்தவனின் சட்டைப்பையில், இன்னும் சூடாக ஒழுகிக்கொண்டிருந்த அந்தப் பையில், அதைப் போட்டார்.

'அவனேதான் ஒட்டியிருக்கான். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்' என்றார் எல்லாரிடமும். அவளிடமும்.

அவள் சட்டையை அலசி எடுத்தபோது காந்தம் கிடைத்தது. 'அவன் கை கடைசியா பட்டது இது' என்று ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். டேப்போடு. மடித்த நுனியோடு. தினமும் குளிர்ந்த தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஃபிட்டர் அந்த மடிப்பைப் பார்க்காமல் பாட்டிலை எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

காற்றைப் பாகுக்குள் இழுத்துவிடுவது பெரும்பாலும் பிஸ்டனின் ரப்பர் வளையம்தான். லைனை நிறுத்தி, நாலாவது பிஸ்டனைக் கழற்றி, புது வளையம் போட்டு மாட்டினார். மறுபடி ஓடவிட்டார். முதல் முனை, க்ளிக். இரண்டாவது, க்ளிக். மூன்றாவது, க்ளிக். நாலாவது முனை பாட்டிலை நிரப்பிவிட்டுத் தொங்கிய நூலைப் பின்னால் இழுத்தது.

ஸ்ர்ர்ர்.

ஃபிட்டரின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. காற்று போகிற இடத்தில் சத்தம் வரத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ரப்பர் புதுசு, ஒரு சுற்றுப் பழகினால் சரியாகிவிடும். அடுத்த நாலு பாட்டில்கள் நகர்ந்து வந்து நின்றன. க்ளிக், க்ளிக், க்ளிக்.

ஸ்ர்ர்ர்.

ஹா.

"என்னங்க சத்தம்?" என்றாள் அவள்.

"ரப்பர்."

"ரப்பரா?"

"ரப்பர்தான்னு சொல்றேன்ல!"

அவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

இனி ஒரே காரணம்தான் மிச்சம். தொட்டியில் பாகு குறைந்து, நாலாவது முனையின் வாய்க்கு மேல் குழி விழுந்திருக்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். ஏணிப்படியில் கால் வைத்தபோது கைப்பிடி பிசுபிசுத்தது. காலையில்தான் வெந்நீர் விட்டுத் துடைத்திருந்தார். பயப்பட ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தால் கலக்கி நின்றுவிடும். நேற்றுத்தான் அவரே சென்சாரை மாட்டினார், அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துத் திறந்து திறந்து காட்டினார். திறந்தால் நின்றது. மூடினால் ஓடியது. 'பார்த்தியா, இந்தத் தொட்டியில அந்த மாதிரி யாரும் விளையாட முடியாது' என்றுகூடச் சொன்னார். அவள், 'ம்' என்றாள்.

மூடியைத் தூக்கினார்.

சூடான இனிப்பு முகத்தில் அறைந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கொழக்... கொழக்... கொழக்...

கலக்கி நிற்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றினார். பாகு கழுத்துவரை இருந்தது, குறையவே இல்லை. அதற்கு மேலே, ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்க வேண்டிய சுவரில், ஒரு துளி இல்லை. சுற்றிலும் வழித்து விடப்பட்டிருந்தது. துடுப்பு போன தடம் வரிவரியாக, ஈரமாக, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

சென்சாரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

வட்டக் காந்தம். கறுப்பு டேப். மடித்த நுனி.

இன்று காலை ஃப்ரிட்ஜைத் திறந்தாரே. போட்டோ இருந்ததா? போட்டோவைப் பார்க்காமல் இருக்கத்தானே இத்தனை நாளும் பழகினார். காந்தம் இருந்ததா? தெரியவில்லை. தெரியவில்லை.

கீழே யாரோ பேசும் சத்தம்.

"ம்..."

அவள் குரல்தான். பிறந்த வீட்டிலிருந்து போன் வந்தால் பேசுகிற குரல். பல நாளாக அவர் கேட்காத குரல்.

"ம்... அப்புறம்?... அடப்பாவி! நிஜமாவா?"

ஃபிட்டர் இறங்கினார். கால் ஒவ்வொரு படியிலும் ஒட்டியது. பிய்த்துப் பிய்த்து எடுத்து வைத்தார். சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்தார். கன்வேயர் நின்றது. பிஸ்டன்கள் நின்றன. கலக்கி ஒரு கடைசி 'கொழக்'கோடு நின்றது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

ஸ்ர்ர்ர்.

லைனிலிருந்து வரவில்லை. விளக்கு மேஜையிலிருந்து வந்தது.

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் மேஜை முழுக்க, தனியாக எடுத்து வைத்த நாலாவது முனைப் பாட்டில்கள். பாதிப் பாட்டில்களுக்கு மூடி இல்லை. அவற்றில் குமிழும் இல்லை. மூடி திறந்த ஒரு பாட்டிலைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"யாருகிட்ட பேசுற?"

பேசாமல் இருங்கள் என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். கேட்டாள். தலையாட்டினாள். சிரித்தாள். காதிலிருந்து பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள். அடுத்ததன் மூடியைத் திருகினாள். அதன் குமிழ் மெல்ல, மிக மெல்ல, மேலே ஏறி வந்து வாயில் நின்றது. உடைந்தது. காதில் வைத்தாள்.

"சொல்லுடா."

"ஏய்... இங்க பாரு... அது காத்து. வெறும் காத்து. ரப்பர் சரியில்ல..."

"டேப்பைப் பல்லாலதாங்க கிழிப்பான் அவன்." அவள் திரும்பவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், சாப்பாடு ஆறிவிட்டது என்று சொல்வதுபோல. "சின்ன வயசுலேர்ந்தே. நுனியை மடிக்கணும்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. நம்ம வீட்டுல மடிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

ஃபிட்டர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இனித்தது.

"இத்தனை நாளா அதைப் பார்த்துக்கிட்டேதான் தண்ணி குடிச்சேன். மடிப்பைப் பார்ப்பேன், உங்களைப் பார்ப்பேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நீதான்... நீதான் மேலே அதை ஒட்டினியா?"

"நானா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "ஏணி ஏறினா எனக்குத் தலை சுத்தும்னு தெரியாதா உங்களுக்கு?"

பாட்டிலுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"யாருடா, அத்தானா? இதோ, இங்கதான் நிக்கிறாரு. முகத்தைப் பார்க்கணுமே! இரு, குடுக்கறேன்."

அவள் திரும்பினாள். அவளுடைய காதிலிருந்து பாட்டிலின் வாய்வரை ஒரு பொன் நூல். பாட்டிலை நீட்டினாள். நூல் நீண்டது. மெலிந்தது. அறவில்லை.

"இந்தாங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணுமாம்."

கை அவரை அறியாமல் நீண்டது. பாட்டில் சூடாக இருந்தது. உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. விடுவிக்க இழுத்தார். வரவில்லை. அதுதான் இழுத்தது. மெதுவாக. காதை நோக்கி.

அவள் பின்னால், ட்யூப்லைட்டின் வெள்ளையில், மீதிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். மூடியை நோக்கி. ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம். ஒன்றாக.

மூடிகள் தாமாகவே திருகித் திறந்துகொள்ளும் சத்தம்.

ஸ்ர்ர்ர்.