நாடிவிளக்கில் நூற்றுப்பதினெட்டு

காலைக் காபியோடு எனக்கு ஒரு பொய்யும் வேண்டும். என் கணவர் மயில்சாமி தம்ளரை நீட்டிக்கொண்டே, உங்கம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்பார். நான் நாடித்துடிப்பைக் காட்டும் மணிக்கட்டுப் பட்டையைப் பார்ப்பேன். அறுபது. காரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்பார். அறுபத்தொன்று. பதினான்கு வருடமாக இதுதான் என் உடற்பயிற்சி. ஒருநாள் சமையலறைத் திரைச்சீலை நிஜமாகவே தீப்பிடித்து அவர் கத்தியபோதும் நான் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தேன். மனிதர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஏன் பெருமைப்படக்கூடாது? நான் கொடிமலர். பன்னிலம் ஆட்டத்தில் மூன்று வருடமாக ஆசியாவின் முதல் இடம் என்னுடையது. கர்வம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

பன்னிலம் சீட்டாட்டம்தான். ஆனால் ரம்மி மாதிரி எல்லோருக்கும் பொதுவான ஒரே கட்டு கிடையாது. வயல், அணை, வெள்ளம், வறட்சி என்று பெயர் போட்ட சீட்டுகளில், சேர்த்தது, அடுத்தவரிடம் மாற்றிக்கொண்டது என்று நாற்பதைப் பொறுக்கி அவரவர் கட்டை அவரவரே அமைக்க வேண்டும். என் சின்ன வயதில் அது மூளைக்கு வேலை. பிறகு எல்லோர் காதுக்குள்ளும் செவிக்கணி வந்து உட்கார்ந்தது. எதிராளி கையில் என்ன இருக்கும், எதைப் போட்டால் எத்தனை சதவீதம் என்று ஓயாமல் ஓதியது. எல்லோரும் ஒரே மாதிரி ஆடினால் எவன் டிக்கெட் எடுப்பான்? அரங்குகள் காலியாகின. அப்போதுதான் ஆட்ட வாரியம் நாடிவிளக்கைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரரின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறதோ, அந்த எண் மேசைமேல் எல்லோரும் பார்க்க எரியும். போடுவதற்கு முன் ஒரு சீட்டை எதிராளிக்குக் காட்டி விரலால் தொட்டு, எதிராளியின் விளக்கு ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இதற்குத் 'தொட்டுப் பார்த்தல்' என்று பெயர். அன்றிலிருந்து நெஞ்சை அறுபதில் கட்டிப்போடத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இங்கே பிழைப்பு.

இன்னொரு விதியும் உண்டு. முதல் பத்து இடத்துக்காரர்கள் ஒருவரோடொருவர் பழகக்கூடாது, பழகினால் நாடியைப் படித்துவைத்துக்கொள்வார்களாம். இரண்டாம் இடத்தில் இருப்பவன் என் சொந்தத் தம்பி செங்கோடன். மேசைக்கு வெளியே நாங்கள் பேசி இரண்டு வருடமாகிறது. எதற்கு வம்பு என்று அம்மாவும் என்னிடம் அவனைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்த வருட இறுதி ஆட்டம் ஈரோட்டில். எதிரே அவன்தான். இளைத்திருந்தான். வழக்கமாக என்னிடம் அறுபத்தைந்துக்கு வழுக்கிவிடும் அவனுடைய விளக்கு, அன்று முதல் சீட்டிலிருந்தே அறுபதில் நின்றது. பயல் தேறிவிட்டான் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்கூட. ஆனாலும் கோப்பையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லை.

கடைசிச் சுற்று. என் கையில் ஒரே சீட்டு. அது அணையாகவும் இருக்கலாம், வெறும் வயலாகவும் இருக்கலாம் என்று அவனுடைய செவிக்கணி சொல்லியிருக்கும், சரிபாதி வாய்ப்பு. அவன் கையில் வெள்ளமும் வறட்சியும் என்று என் செவிக்கணி சொன்னது. என்னிடம் அணை இல்லையென்றால் வெள்ளத்தில் நான் காலி. இருந்தால் வெள்ளம் திரும்பி அவனையே அடித்துப் போகும், வறட்சி போட்டால்தான் நான் தோற்பேன். ஆனால் வெறும் வயலிடம் வறட்சி செல்லாது. என்னிடம் இருந்தது அணை.

அவன் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தான். நான் அவன் விளக்கைப் பார்த்தேன். அறுபது. மூச்சை விட்டான். அறுபது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வருடம் பழகினாலும் இழுக்கிற மூச்சுக்கு நாடி ஒன்றிரண்டு ஏறும், விடுகிற மூச்சுக்கு இறங்கும். எனக்கும் அப்படித்தான். இரண்டு மணிநேரமாக அசையாத இந்த அறுபது மனிதனுடையது இல்லை. இவன் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள்.

கருவி வைத்தவர் ஆடக்கூடாது. நான் கையைத் தூக்கியிருந்தால் கோப்பை எனக்கு, அவனுக்கு ஆயுள் தடை. சத்தியமாக எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. எங்கள் அப்பா நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தவர். இவனுக்கு நாற்பத்தொன்று. எப்போது விழுந்தான்? யார் தூக்கினார்கள்? அரங்கில் சலசலப்பு கேட்டு என் விளக்கைப் பார்த்தேன். தொண்ணூறு. நூற்றைந்து. நூற்றுப்பதினெட்டு.

சரியாக அந்த நேரத்தில் அவன் விரல் வெள்ளச் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவன் சிரித்தான். வெள்ளத்தைக் கண்டு அக்கா நடுங்குகிறாள், அணை இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். சீட்டைப் போட்டான். நான் அணையைத் திருப்பி வைத்தேன். ஆட்டம் முடிந்தது. நான்காவது முறையாக நான்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கை குலுக்க வந்தவன் குழம்பிப்போயிருந்தான்.

"அணை உன் கையிலதானே இருந்துச்சு, அக்கா? வெள்ளத்தைத் தொட்டதுக்கு எதுக்கு அப்படிப் பதறுனே?"

அவன் கையை விடாமல் காதருகே குனிந்தேன். "எப்படா நெஞ்சைக் கிழிச்சாங்க? கூட யார் இருந்தா?"

அவன் முகம் வெளுத்தது.

"ஆவணி மாசம். யாருமில்ல. நானே கையெழுத்துப் போட்டுக்கிட்டேன். அம்மாகிட்டக்கூடச் சொல்லல."

"உனக்காகத்தான்டா பதறுனேன்."

பதினான்கு வருடமாக என் நாடியைப் படிப்பதையே தொழிலாக வைத்திருந்தவன். அது தனக்காகவும் துடிக்கும் என்று அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றியிருக்கவில்லை. இப்போதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்வது நிஜமா என்று தெரிந்துகொள்ள, மேசைமேல் இன்னும் எரிந்துகொண்டிருந்த என் விளக்கைத் திரும்பிப் பார்த்தான்.

நான்கு மூச்சில் அதை அறுபதுக்கு இறக்க எனக்குத் தெரியும். இறக்கவில்லை. அவன் நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.