குழந்தைவேலு யாருக்கும் வரவில்லை

"கோவையில் இன்று வெயில் முப்பத்திரண்டு பாகை. மாலையில் தூறல். குழந்தைவேலு, பத்துப் பேருக்கு."

காலைச் செய்தியின் இந்தக் கடைசி வரிக்காகத்தான் குழந்தைவேலு பல் துலக்காமல் காத்திருப்பார்.

பேருந்து நிறுத்தம்தோறும் மூச்சுமானி வந்த பிறகு ஊரில் யாருடைய சளியும் ரகசியமில்லை. காலையில் குழாயில் ஊதினால், உள்ளே இருக்கும் தீநுண்மியின் மரபெழுத்துகளை மானி படித்துக் கொடிவழி மையத்துக்கு அனுப்பும். அங்குள்ள வாசகர்கள் அது எந்தத் திரிபு என்று சொல்ல, மாலையில் அதற்கேற்ற மருந்தாவி வீடு தேடி வரும். புதிய திரிபை முதலில் கண்டவரின் பெயரே அதற்கு. பதினெட்டு வாசகர்களில் பெயர் ஏறியவர் குழந்தைவேலு ஒருவர்தான். மனைவி சம்பூரணம், தன் கணவர் நாலு பேர் மூக்கில் இருக்கிறார் என்று கல்யாண வீடுகளில் சொல்லிவந்தாள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் பூங்கோதை ஒன்றைக் கண்டுபிடித்தாள். வேலைக்கு வந்து எட்டே மாதம். அவள் கண்ட தீநுண்மியில் ஓரிடத்து எழுத்து, பாட்டன் திரிபில் ஒன்றாக இருந்து, தகப்பன் திரிபில் மாறி, பேரன் திரிபில் பழையபடி திரும்பியிருந்தது. மீள்திரிபு.

பூங்கோதை! செய்தி வாசிக்கும் பெண் இந்தப் பெயரை எவ்வளவு இனிமையாகச் சொல்வாள் என்று நினைத்ததுமே குழந்தைவேலுவுக்கு வயிறு எரிந்தது. தன் பெயருக்கு அவள் நடுவில் ஒரு மூச்சு வாங்குவதும் அன்றுதான் நினைவுக்கு வந்தது.

மீள்திரிபில் ஒரு வில்லங்கம் உண்டு. சில சமயம் மானி ஓர் இடத்தைப் படிக்காமல் வெற்றிடமாக விட்டுவிடும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசகர்கள் அங்கே பாட்டனின் எழுத்தைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். எழுத்து தானாகத் திரும்பியதா, ஆள் திருப்பியதா என்று பிறகு பார்ப்பவருக்குத் தெரியாது.

கூட்டத்தில் அவர் மெல்ல ஆரம்பித்தார். "இது திரும்பி வந்த எழுத்தில்லம்மா. நீ நிரப்புன எழுத்து."

"நான் நிரப்பலீங்ணா."

"நிரப்புனவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அவள் தன் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலைச் சமாளிக்க, அவள் பெயரை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிய மனுவில் ஒரு வரி சேர்த்தார்: பெயர் பெற்ற எல்லா மீள்திரிபுகளையும் பாரபட்சமின்றி மறுபடி படிக்க வேண்டும். தன்னுடையதும் மீள்திரிபுதான். மடியில் கனமில்லை என்ற தைரியம். கையெழுத்திட்டபோது தன் நியாய உணர்ச்சியை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

சேமிப்பிலிருந்த மூச்சுகளை மூன்று நாள் மறுபடி படித்தார்கள். பூங்கோதையின் எழுத்து நாற்பத்தொரு பேரிடமும் அசலாகத் திரும்பியிருந்தது.

குழந்தைவேலு வந்ததாக இதுவரை பதிவான முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மேம்பாலத்தடி நிறுத்தம் ஒன்றிலேயே ஊதியவர்கள். அந்த மானிக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. அதனால் எப்போதும் ஒரே இடம் மட்டும் படிக்கப்படாமல் விடுபட்டது. அந்த நிறுத்தம் குழந்தைவேலுவின் பொறுப்பு. வெற்றிடம் அத்தனையும் அவர் கையால் நிரம்பியவை. சரியாகப் படித்தால் எல்லாம் சாதாரணத் தகப்பன் திரிபு. குழந்தைவேலு என்ற நோய் இதுவரை யாருக்கும் வந்ததே இல்லை.

மறு வாரம் அவருக்குக் காய்ச்சல். வீட்டருகே இருந்த மானியில் ஊதிவிட்டுப் படுத்தார். மதியம் பூங்கோதை அழைத்தாள்.

"அண்ணா, உங்க மூச்சு எங்கிட்டதானுங்க வந்துது. ஒரு எடத்த மானி படிக்கலீங்க." சற்றுத் தயங்கினாள். "கூட்டத்துல பேசுன அதே எடந்தானுங்க. பாட்டன் எழுத்தப் போட்டா எம்பேரு வருது. தகப்பன் எழுத்தப் போட்டா சும்மா சளின்னு போயிரும். தகப்பனே போட்டுரட்டுங்களா?"

தன் மூக்கில் அவள் பெயர் ஏறாமல் காப்பாற்றத்தான் கேட்கிறாள் என்பது புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"எதையும் போடாதம்மா. மறுபடி ஊதறேன்."

போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய், வாழ்நாளில் ஊதாத ஊதலாக ஊதினார். ஒரு வெற்றிடமும் விழவில்லை.

காலையில் செய்தி வாசிப்பவள், "பூங்கோதை, அறுபத்திரண்டு பேருக்கு," என்றாள். அவர் பயந்ததைவிட இனிமையாகவே சொன்னாள்.

"அதுல ஒண்ணு நீங்கதானுங்க," என்று மிளகு ரசத்தை நீட்டினாள் சம்பூரணம்.

குழந்தைவேலு தும்மினார்.