எழும்பாத கட்டை

நவமணியின் அம்மா காய்ச்சலில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அப்பா ஜெயபாலன் பியானோவைத் தொடவே இல்லை.

அது 1926ஆம் ஆண்டு. ஈப்போவில் அப்பாவின் வாசிப்பைக் கேட்காதவர்கள் குறைவு. நூறு வயதான பழைய பியானோ ஒன்று, புத்தம் புதிய பெரிய பியானோ ஒன்று என்று இரண்டையும் ஒரே மேடையில் வாசிப்பார். எங்கே கச்சேரி என்றாலும் அம்மா இடப்பக்கம் உட்கார்ந்து இசைத்தாள்களைப் புரட்டித் தருவாள்.

தைப்பிங் கச்சேரிக்கு அம்மா இருக்கும்போதே அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்குக்காக, அந்தச் சனிக்கிழமை காலையில் நவமணியை அழைத்துக்கொண்டு ரயிலேறினார்.

தைப்பிங்கில் நல்ல மழை. அங்கும் அப்படி இரண்டு பியானோக்கள் இருந்த கச்சேரி மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவு குடையோடு ஓடி வந்தார்.

"மாஸ்டர், பழைய பியானோ ரோசாக்லா, கெட்டுப்போச்சு! ஈரத்துல மரம் ஊதிப்போச்சு. ஒரு கட்டையை அமுக்கினா அமுங்கினதுதான். எழும்பவே மாட்டேங்குது!"

அப்பா அமுக்கிப் பார்த்தார். நடுவிலிருந்த வெள்ளைக் கட்டை உள்ளேயே கிடந்தது.

"வீட்டுக்குப் போலாம் நவமணி. என்னால முடியாது" என்றார்.

அவர் கட்டையைப் பார்த்துச் சொல்லவில்லை. இடப்பக்கம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

நவமணி அந்தக் கட்டையின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினாள். 'டக்' என்று எழுந்தது.

"நீங்க வாசிங்கப்பா. இது விழும்போதெல்லாம் நான் தூக்கி விடுறேன்."

"எப்ப விழும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டே இருப்பேன்லா."

"பாப்பா சொல்றது சரிதான் மாஸ்டர்" என்றார் அப்பாவு. "என் வீட்டுக் கதவையும் தினம் தூக்கித்தான் திறக்கிறேன்."

கச்சேரி தொடங்கியது. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்த நவமணிக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. அப்பா அமுக்கினார், அவள் தூக்கினாள். இரண்டு முறை விரல்கள் முட்டிக்கொண்டன.

அம்மாவுக்குப் பிடித்த பாட்டு வந்தது. பாதியில் அப்பாவின் கைகள் நின்றுவிட்டன. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. மன்றத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

விழுந்து கிடந்த கட்டையை நவமணி மெதுவாகத் தூக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

அப்பா அதை மறுபடி அமுக்கினார். அவள் தூக்கினாள். பாட்டு அங்கிருந்து தொடர்ந்தது.

அடுத்து பெரிய பியானோ. அதில் தூக்கிவிட வேண்டிய கட்டை எதுவும் இல்லை. ஆனாலும் அப்பா, "வா, பக்கத்துல உக்காரு" என்றார்.

கச்சேரி முடிந்ததும் ஓர் அம்மாள் வந்து, "நீ எத்தனை வருஷமா பியானோ கத்துக்கிறம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு கட்டைதான் தெரியும்" என்றாள் நவமணி.

அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

திரும்பும் ரயிலில் அவராகவே பேச்சைத் தொடங்கினார். "உங்கம்மா முதல் கச்சேரியில ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டிட்டா, தெரியுமா?"

"அப்புறம்?"

அப்பா சொன்னார். நடுநடுவே இருவரும் அழுதார்கள். ஆனால் ஈப்போ வரும்வரை பேச்சு நிற்கவில்லை.